நிமிர்ந்து நிற்கும் லிவரைத் தொட வேண்டாம்

அப்பா,

ஹாட்பாக்ஸில் பிசிபேளாபாத் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கார் போட்டிக்கான மைதானத்தைப் பார்க்க நண்பன் ஜோஷுவாவின் பைக்கில் போகிறேன். கார் சாவி ஆணியில்.

நேற்று, “பிரேக் இருக்கிற காருக்கு இன்னொரு பிரேக் எதுக்கு, சைத்ரா? தலைக்கு மேல தலையா?” என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் டிவியைப் போட்டுவிட்டீர்கள். பதில் இதுதான்.

கியருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் புது லிவர், பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஆயிலை நேராக அழுத்துகிறது. வளைவில் ஒரு நொடி இழுத்தால் போதும், பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டியின் வால் சுழன்று வரும். போட்டியில் குறுகலான வளைவுகளை அப்படித்தான் சட்டென்று திருப்ப முடியும். ஹூட்டகள்ளி மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் மண் தரையில் இழுத்துப் பார்த்தேன். மூச்சு விடுவதற்குள் கார் வந்த வழியைப் பார்த்து நின்றது. உடனே இன்னும் இரண்டு முறை இழுத்தேன். அவ்வளவு சந்தோஷம் அப்பா.

மார்க்கெட்டுக்குக் காரை எடுத்தால் அந்த லிவரைத் தொடவே தொடாதீர்கள். நிறுத்தி வைக்கவும் அது உதவாது, பிடி தளர்ந்துவிடும். அதற்குப் பழைய ஹேண்ட்பிரேக்தான்.

சைத்ரா

பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஞாயிறு காலை மைதானம் வரை என்னோடு காரில் வாருங்கள். கோபம் இருந்தால் அதோடேயே வாருங்கள்.

பழைய ஹேண்ட்பிரேக்கைக் கழற்றினால் எடை குறையும் என்று மெக்கானிக் பர்னபாஸ் அண்ணா சொன்னார். வேண்டாம் என்றேன். நான் ஓட்டும்போது நீங்கள் வேறு எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள்?