ஓரத்தில் நிற்கிற ஆள்

28-12-1933, வியாழன். ராயபுரம்

துறைமுக ஆபீசில் ஒருவழியாக லீவு கொடுத்துவிட்டார்கள். புகைப்படக் கண்காட்சிக்குப் படம் சேர வேண்டிய கடைசி நாள் ஜனவரி 8. ஆறு வருஷமாக அனுப்புகிறேன். ஆறு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை பூநாரைகள். நாளை எண்ணூரிலிருந்து படகு.

29-12, வெள்ளி. காட்டுப்பள்ளித் தீவு

மனித வாடையே இல்லை. சேறு, அலையாத்திக் காடு, காற்று. படகுக்காரர் பொன்னுரங்கம் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார், ஞாயிறுதான் வருவார்.

முழங்கால் தண்ணீரில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். முக்காலி! கேமரா! உப்பு இலாகா காவலராம், வேதமாணிக்கம்.

"இன்னா சார், உனுக்கும் இந்தப் பைத்தியம் கீதா?" என்றார்.

இங்கே எல்லாத் தண்ணீரும் உப்பு. படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளைக் கழுவி உருவம் தெரியவைக்க மழைத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறார். ஒரு படம் பார்க்க மாதக் கணக்கில்! நான் இரண்டு நாள் பொறுக்க மாட்டேன்.

30-12, சனி

எப்படி எழுதுவது? விடிந்த சிறிது நேரத்தில் பூநாரைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. ஆயிரமா, பத்தாயிரமா — வானம் முழுக்க இளஞ்சிவப்பு. இறக்கைச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. அழுதேன் என்று நினைக்கிறேன்.

பிறகுதான் பார்த்தேன். தட்டை மூடியிருக்கும் தகட்டை நான் உருவவே இல்லை. எடுத்தது வெறும் இருட்டு. மடையன், மடையன்.

31-12, ஞாயிறு

பறவைகள் திரும்பவில்லை. படகு ஏறும்போது வேதமாணிக்கம், நேற்று பறவைகள் எழுந்தபோது அவர் எடுத்த தட்டை என்னிடம் கொடுத்தார்.

"மழ வர்ற வரைக்கும் இங்க தூங்கிகினு கெடக்கும். நீயே கழுவு சார்."

6-1-1934, சனி

வாரம் முழுக்க ஆபீஸ் வேலை; இன்றுதான் சமையலறை ஜன்னலைக் கோணியால் அடைத்துவிட்டுக் கழுவினேன். மாலைக்குள் காகிதத்திலும் ஏற்றிவிட்டேன். அப்பா, என்ன படம்! என் ஆறு வருஷமும் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

என் சம்சாரம் பட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஓரத்துல யாருங்க இது, வாயப் பொளந்துகினு? நீங்களா?"

நான்தான். கேமராவை மறந்துவிட்டு, கைகள் தொங்க.

ஒரு விரற்கடை வெட்டினால் நான் இருக்க மாட்டேன். அப்புறம் எடுத்தது யார் என்று யாருக்குத் தெரியும்? அவர் பட்டணத்துக்கு வந்ததே இல்லை.

7-1, ஞாயிறு

காலையிலிருந்து மேஜைமேல் அளவுகோலும் கத்தியும். சே, என்ன பிறவி நான்?

4-2-1934, ஞாயிறு

கண்காட்சியில் படத்தை நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வேதமாணிக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் வெகுநேரம் நகரவே இல்லை.

"பறவைகள் அபாரம். ஓரத்தில் நிற்கிற ஆளை மட்டும் வெட்டியிருக்கலாம்" என்றார்.

"அது நான்தான் சார்" என்றேன்.

பாவம், பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லை என்று சொல்லி, படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் போட்டிருந்த சீட்டை அவருக்குப் படித்துக் காட்டினேன்: வேதமாணிக்கம், உப்புக் காவலர், காட்டுப்பள்ளி.