சேற்றில் இறங்காத சுஐபு

உச்சிப்புளி
02.05.2025

அன்பு நண்பர் சுஐபு அவர்களுக்கு,

சேதுக்கரை ஈசனைத் தொழுத கையோடு இதை எழுதுகிறேன். இத்தகைய செய்தியைக் கைபேசியில் சொல்லி வீணாக்க மனம் வரவில்லை.

நம் நில அளவை அலுவலகம் தொலைக்காட்சியில் வரப்போகிறது!

நம்மோடு இருபது ஆண்டு அளவைச் சங்கிலி இழுத்த செயின்மேன் மூக்கையாவின் மகள் சத்யப்பிரியா, சென்னையில் தொடர்களுக்குக் கதை எழுதுகிறாள். அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடர் ஒன்று வேண்டுமென ஒரு நிறுவனம் கேட்க, தந்தை வாய்வழி கேட்டு வளர்ந்த நம் கதைகளையே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். பெயர் ‘நாலெல்லை’. தலைமை அளவர் பாத்திரம் அடியேன். வரைவாளர் பாத்திரம் தாங்கள். பெயரைக்கூட மாற்றவில்லை, திரையிலும் சுஐபு, சுஐபுதான்!

அடியேனை ஆலோசகராகவும் அமர்த்தியிருக்கிறார்கள். “பெரியப்பா, யாரு மனசும் நோகாம இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்” என்றாள். எழுபத்தாறு வயதில் இப்படியொரு பணி! நேற்று இரு வேளையும் உணவு இறங்கவில்லை.

என்றும் அன்புடன்,
மு. சேதுராமன்


தொண்டி
08.05.2025

மச்சான் அவர்களுக்கு சுஐபு எழுதுவது.

அல்லாஹ் உங்களுக்கும் இராமலட்சுமி அக்காவுக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். தொடர் எத்தனை வருடம் ஓடுமென்று தெரியவில்லை அல்லவா!

உங்கள் கடிதத்தைப் பள்ளிவாசல் வாசலில் நின்று உரக்கப் படித்தேன். அஸர் தொழுகைக்குள் தொண்டி முழுக்கப் பரவிவிட்டது. பேருந்து நடத்துனர் சீட்டுக் கிழிக்கும்போது, “எந்தக் கெழம பாய் வாரீக?” என்கிறார். என் மனைவி காலிதா, சுவரில் மாட்டிய தொலைக்காட்சிப் பெட்டி சிறியது என்று மருமகனிடம் சொல்லிப் பெரியது வரவழைத்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காரங்காட்டுக் காட்சி வர வேண்டும். 1998இல் கழிமுகத்தை அளந்தோமே, அலையாத்திச் சேற்றில் கம்போடு இடுப்புவரை புதைந்து நின்றேனே. சென்னையிலிருந்து வந்த அதிகாரி கரையில் குடைக்குள் நின்றுகொண்டு, “என்னய்யா கோணலா நிக்கிறே? நேரா நில்லு!” என்றார். நான் சொன்னேன்: “நான் நேராத்தான் நிக்கிறேன் அய்யா. நெலந்தான் கீழ போய்க்கிட்டிருக்கு. இத எந்த சர்வே நம்பர்ல ஏத்தட்டும்?”

மூக்கையா சிரித்த சிரிப்பில் சங்கிலியைத் தண்ணீரில் விட்டுவிட்டான்.

முப்பது வருடம் அடுத்தவர் நிலத்துக்கெல்லாம் கோடு போட்டேன் மச்சான். எனக்கென்று நின்றது இந்த ஒரு வரிதான். அது என் பெயரில் வர வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

உங்கள் மச்சான்,
சுஐபு


உச்சிப்புளி
01.08.2025

அன்பு நண்பர் சுஐபு அவர்களுக்கு,

காரங்காட்டுக் காட்சி எடுத்தாயிற்று! ஆகசுட்டு பத்தாம் நாள், ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பு.

யாருக்கு எது நோகும் என்று ஆராய அறுவர் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். அவர்கள் கூத்தைக் கேளுங்கள். அடியேனின் நெற்றியில் திருநீறு இருக்கலாமா என்று அரைமணி நேரம் ஆய்ந்தார்கள். மூன்று கீற்றும் துலங்கினால் ஒரு சாராரை முன்னிறுத்தியதாகிவிடுமாம். நெற்றி வெறுமையானால் மற்றொரு சாரார் வருந்துவார்களாம். முடிவு யாது தெரியுமா? ஒற்றைக் கீற்று, அதுவும் வியர்வையில் பாதி கரைந்தது! மூக்கையா ஒருவனே சங்கிலி இழுத்தால் ஏவல் செய்வதுபோல் தோன்றும் என்று எல்லோரும் முறை வைத்து இழுக்கிறோம். மேசைக்கு மேசை ஒரு பூச்செடி. நம் அலுவலகத்தில் செடி வைத்திருந்தால் அன்றே ஆடு புகுந்திருக்கும்.

தங்கள் பாத்திரத்தைக் கண்டு தாங்கள் பூரிப்பீர்கள். அத்தனை கண்ணியம்! ஞாயிறுவரை பொறுத்திருங்கள். எனக்கோ பொறுமை இல்லை; நாட்காட்டியை முன்னதாகவே கிழித்துவிட்டேன் என்று இராமலட்சுமி சினந்துகொள்கிறாள்.

என்றும் அன்புடன்,
மு. சேதுராமன்


தொண்டி
13.08.2025

மதிப்பிற்குரிய திரு. சேதுராமன் அவர்களுக்கு,

பார்த்தோம். வீட்டுக்குள் நாற்பது பேர், சன்னலுக்கு வெளியே எத்தனை பேரோ. காலிதா கடல்பாசி இனிப்புக் காய்ச்சித் தட்டுத் தட்டாகக் கொடுத்தாள்.

சேற்றில் நின்றவன் வேறொருவன். சிரிப்புக்கென்றே சேர்த்த ஓர் இளவட்டம். என் வரியை அவன் சொன்னான். நானோ கரையில் நிற்கிறேன். வெள்ளைத் தொப்பி, கறை படாத சட்டை, கையில் தண்ணீர்ச் செம்பு. “பொறுமையா இருங்க, இறைவன் பாத்துக்குவான்” என்கிறேன். பின்னால் புல்லாங்குழல்.

நாற்பது பேரும் கையிலிருந்த தட்டையே பார்த்தார்கள். கடைசியில் என் மகள் சூஃபியாதான் சொன்னாள்: “வாப்பா, இது நீங்க இல்ல. இவரு ரொம்ப நல்லவரா இருக்காரு.” மறுநாள் காலையில் மீன்காரி மீனம்மாள் கூடையை இறக்கும்போதே, “என்ன பாய், உசுரோட இருக்கையிலேயே ஒங்களக் காலமானவுகளாட்டம் காட்டுறாக?” என்றாள். அவள் சொன்னது சரி. நடமாடுகிற மனிதனைத் தர்கா ஆக்கிவிட்டார்கள். பச்சைப் போர்வை போர்த்தி ஊதுபத்தி கொளுத்தாததுதான் பாக்கி. இன்னும் நாலு வாரம் ஓடினால் என்னிடம் வந்து பிள்ளை வரம் கேட்பார்கள்.

நான் என்றைக்கு அலுவலகத்தில் தொப்பி போட்டேன்? வருடத்துக்கு ஒரு நாள், நல்லிணக்க நாள் உறுதிமொழிப் படத்துக்காக. அந்தத் தொப்பியும் என்னுடையது இல்லை. நீங்கள் வாங்கி உங்கள் பீரோவில் வைத்திருந்தது. முன்வரிசையில் நிற்க வைப்பீர்கள். படம் எடுத்ததும் திரும்ப வாங்கி மடித்து வைப்பீர்கள்.

அன்று காரங்காட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். என் வரி அவ்வளவு மட்டமா? ஆலோசகர் நீங்கள். என்னைச் சேற்றிலிருந்து ஏன் தூக்கினார்கள் என்று அந்தக் குழுவிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுஐபு, வரைவாளர் (ஓய்வு)


உச்சிப்புளி
22.08.2025

மச்சான் சுஐபுக்கு,

உங்களைச் சேற்றிலிருந்து தூக்கியது குழு அன்று. நான்.

எழுதிக் கொடுத்த தாளின் படி என்னிடம் இருக்கிறது: ‘சுஐபு பாத்திரம் சேற்றில் இறங்கலாகாது. அவர் பேச்சைக் கேட்டு எவரும் நகைக்கலாகாது.’ கீழே என் கையொப்பம். உங்கள் மானத்தைக் காப்பதாக எண்ணியே எழுதினேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகு ஒரு வாரம் பூசையில் அமர்ந்தும் மனம் குவியவில்லை. நான் காத்தது உங்கள் மானத்தை அன்று, என் நற்பெயரை.

1998இலும் அதுவே நடந்தது. வயிறு வெடிக்கும்படி சிரிப்பு வந்தது, மச்சான். முசுலிம் ஊழியர் ஒருவர் புதைந்து நிற்கத் தலைமை அளவர் சிரித்தார் என்று அந்த அதிகாரி குறித்துக்கொள்வாரோ என அஞ்சி நாவைக் கடித்துக்கொண்டேன். குருதி கசிந்தது. அன்று வீடு திரும்பிக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தனியே சிரித்துத் தீர்த்தேன். இராமலட்சுமி எனக்குக் குளிர்சுரம் என்று எண்ணிக் கசாயம் வைத்தாள். இறைவன் திருமுன் நாள்தோறும் நெஞ்சைத் திறப்பவன், உங்கள் முன் இருபத்தேழு ஆண்டு வாயை மூடி நின்றேன். உங்கள் வரி மட்டமானதன்று. அதைவிட நல்ல வரியை நான் எந்தப் புலவரிடமும் கேட்டதில்லை.

இனிக் கேளுங்கள்! நேற்று சத்யப்பிரியா குழுவினரைக் கைபேசித் திரையில் கூட்டினாள். அறுவர் முன்பும் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தேன். உங்கள் இசைவின்றிப் படித்தது என் இரண்டாவது பிழை. பச்சைப் போர்வை வந்ததும் ஒருவர் வாயைப் பொத்தினார். பிள்ளை வரம் வந்ததும் இன்னொருவர் தம் முகம் தெரியாமல் படக்கருவியை அணைத்துவிட்டார். ஒரு பெண்மணி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “இதுக்கு நாங்க சிரிக்கலாமா சார்?” என்று என்னையே கேட்டார்! “சிரிக்க வைப்பவர் அவர், அம்மா. சிரிக்காமல் இருந்தால்தான் அவருக்கு நோகும்” என்றேன்.

ஒப்புக்கொண்டார்கள்! செப்டம்பர் மூன்றாம் நாள் காலை காரங்காட்டில் மறு அளவை என்று புதுக் காட்சி. உங்கள் வேடம் தாங்கும் நடிகர் தொப்பியின்றிச் சேற்றில் இறங்குகிறார். நீங்கள் வந்து அவருக்கு வரியைச் சொல்லித்தர வேண்டும். வர மனமில்லையெனில் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

சேதுராமன்


தொண்டி
05.09.2025

மச்சான்,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கோபம்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட கையை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனாலும் மூன்றாம் தேதி முதல் பேருந்தில் காரங்காட்டுக்கு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. படகு ஏற வந்த கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

நடிகர் இறங்கினார். நல்ல பிள்ளை, வரியைத்தான் செய்தி வாசிப்பதுபோல வாசித்தார். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். “அப்படியன்று!” என்றீர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, என்னைப் போலவே ஒரு தோளைச் சாய்த்து, சேற்றோரத்தில் நின்று என் பேச்சிலேயே சொல்லிக் காட்டினீர்கள். நாற்பது வருடப் பழக்கத்தில் உங்கள் வாயிலிருந்து ஒரு கொச்சைச் சொல் வந்து நான் கேட்டதில்லை. சர்வே நம்பர் வரைக்கும் உங்களால் போக முடியவில்லை. பாதியிலேயே வெடித்துவிட்டீர்கள்.

அதன் பிறகு நடிகர் வாயைத் திறந்தபோதெல்லாம் சிரித்தீர்கள். மூன்று தடவை “கட்! கட்!” என்று கத்தினார் இயக்குநர். “அந்தப் பெரியவர வேனுக்குப் பின்னால கொண்டுபோயி உக்கார வைங்கப்பா” என்றார். வேனுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது.

பக்கத்தில் நின்ற படகுக்காரர் என்னிடம், “யாரு பாய் அவரு? பட்டையும் கொட்டையுமா சாமியாராட்டம் இருக்காரு, இப்புடிச் சிரிக்கிறாரு?” என்றார்.

“என் மச்சான்” என்றேன்.

“நல்லாத்தான இருந்தாரு?”

“எங்க நல்லா இருந்தாரு? இப்பத்தேன் தேறியிருக்காரு.”

அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன். முன்னால் வந்து நின்றிருந்தால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள், சிரிப்பு நின்றுபோயிருக்கும்.

அந்தக் காட்சியை அவர்கள் போட்டாலும் போடட்டும், வெட்டினாலும் வெட்டட்டும். அடுத்த ஞாயிறு மதியம் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலிதா உங்களுக்கென்று புதுச்சட்டி வாங்கிச் சைவம் சமைக்கிறாள். எனக்கென்று ஒரே ஒரு வரிதான் என்று முன்பு எழுதினேனே, அது பொய். இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டும் உங்களைப் பற்றியவை. அலுவலகமே சிரித்தது, உங்களிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

உங்கள் மச்சான்,
சுஐபு