மூன்று தடவை டர்னிப்

அயோவா
நவம்பர் 3

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், என் முழங்கால் சுகம், ரத்த அழுத்தம்கூட சுகம். தலை எப்படி இருக்கிறது அதைச் சொல் என்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளை ரோஸ்கோவும் அலாஸ்கா குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது, சோயா அறுவடை முடிந்தது, பக்கத்து வீட்டு ஆர்லோ மட்டும் இன்னும் காயவில்லை காயவில்லை என்று சோளத்தை வயலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறான், சோம்பேறி.

அன்றைக்கு போனில் நீ அப்படி அழுதாய். ஒரு நிமிஷத்துல அஞ்சு வார்த்தைதானாம்மா, தனியா இருக்காதம்மா, காரைத் தொடாதம்மா, பெரிய டாக்டர்கிட்ட காட்டும்மா என்று ஒரே மூச்சில் கொட்டினாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம்தான், மறைப்பானேன்? முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவளிடம் காரைத் தொடாதே என்றால் கோபம் வராதா? எனக்கு ஞாபகசக்திச் சோதனை வைத்த அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு உன் வயதில் பாதிகூட இருக்காது. ஒரு நிமிஷம், 'ப'வுல ஆரம்பிக்கிற வார்த்தையா சொல்லுங்க, ஆள் பேர் ஊர் பேர் கூடாது என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். பால், பல், படுக்கை, பஸ் என்றேன், கொஞ்சம் பொறுத்து பன்றி என்றேன். அத்தோடு வாய் பூட்டிக்கொண்டது. இந்த ஊரில் பன்றியைத் தாண்டி யோசிக்க என்ன இருக்கிறது என்று நானே சிரித்தேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

சரி, நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று ரோஷத்தோடு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்கு ஹாலோவீன் வினாடி வினா இருபத்திரண்டு வருஷமாக நான்தானே நடத்துகிறேன். நூலகத்தை இப்போது பார்த்துக்கொள்வது உன்னோடு படித்த டோர்கஸ். முதலில் வரும் எழுத்து விளையாட்டை இந்தத் தடவை நீ நடத்தும்மா, நான் பிள்ளைகளோடு உட்காருகிறேன், அதே 'ப'வையே கொடு என்றேன். வீட்டில் பழகிப் பார்க்கவில்லை, சத்தியம். பூசணி, பேய், பானை, பூட்டு, பெட்டி, பசை, பனி, பாலம் என்று ஆரம்பித்தேன், மடை திறந்த மாதிரி வந்தது. ஒரே நிமிஷத்தில் பதினேழு! பக்கத்தில் சூனியக்காரி வேஷத்தில் இருந்த குட்டிப்பெண் ஒன்பதோடு நின்றுவிட்டாள். இந்தம்மா கள்ளாட்டம் ஆடுறாங்க என்று டோர்கஸிடம் புகார் வேறு. ஜெயித்தவருக்கென்று வைத்திருந்த, பாதாம் விழுது அடைத்த எஸ் வடிவப் பலகாரத்தை வெட்கமில்லாமல் அங்கேயே தின்றேன்.

அப்புறம் பிள்ளைகளை மூன்று அணியாகப் பிரித்ததும் கேள்வி பதில் என் கைக்கு வந்தது. மனிதனுக்கு எத்தனை எலும்பு, பூசணிக்கு முன்னால் அயர்லாந்துக்காரர்கள் எதைக் குடைந்து விளக்கு வைத்தார்கள் என்று வழக்கமான கேள்விகள்தான். டர்னிப் கிழங்கு என்று கத்தினார்கள் பார், கூரை பிய்த்துக்கொள்ளும் போலிருந்தது. நேரம் போகப் போகப் பிள்ளைகளுக்கு உற்சாகம் ஏறுகிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

எல்லோரும் போனபிறகு நாற்காலி மடக்கும்போது டோர்கஸ், ஆன்ட்டி கோவிச்சுக்காதீங்க, அந்த டர்னிப் கேள்விய மூணு தடவ கேட்டீங்க, பிள்ளைங்க நீங்க விளையாடுறதா நெனச்சுதுங்க, நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன் என்றாள். உனக்கென்ன பைத்தியமா என்று சண்டைக்குப் போனேன். அவள் கரும்பலகையைக் காட்டினாள். மூன்று அணியின் பேருக்குக் கீழேயும் டர்னிப், எதிரே ஒரு மதிப்பெண், மூன்றும் நான் எழுதியது, என் கையெழுத்து. மூன்று தடவை, மார்லிஸ். எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதேன். அஞ்சு வார்த்தைக்குப் பயப்படாதவள் இதற்குப் பயந்தேன். ஆனால் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற ஆள் உன் அம்மா இல்லை. நேற்று நானே பெரிய டாக்டருக்கு போன் போட்டேன். பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். தேதியைச் சுவரில் எழுதிவிட்டேன், இங்கேயும் எழுதிவிட்டேன். அடுத்த வருஷமும் வினாடி வினா நான்தான் நடத்துவேன், அதில் மாற்றமில்லை. கேள்விக்கு ஒரு சீட்டு, கேட்டதும் டப்பாவில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதானே. எழுபத்து மூன்று வயதில் இதுகூட முடியாதா? ஆனால் அந்த டாக்டர் சொல்வதைத் தனியாகக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நீ பக்கத்தில் இருக்க வேண்டும். உன்னிடம் நான் எதையும் கேட்டவளில்லை, இதைக் கேட்கிறேன், வந்துவிடு கண்ணு.

நீங்கள் இரண்டு பேரும் நிறைவாக வாழக் கர்த்தர் துணையிருப்பார். இருமலை அசட்டை பண்ண வேண்டாம் என்று ரோஸ்கோவிடம் சொல். நீ வருகிற தேதியை முன்கூட்டியே டோர்கஸுக்குச் சொல்லிவிடு, விமான நிலையத்துக்கு அவள்தான் வருவாள். என் கார் சாவி அவளிடம் இருக்கிறது. யாரும் பிடுங்கவில்லை, நானே கொடுத்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹெர்மினா