மணிக்கூண்டு நின்ற பதினோரு நிமிடம்

திண்டுக்கல்,
ஆடி பன்னிரண்டு.

அன்பு மருமகள் இசைவாணிக்கு, உன் தாய்மாமன் சடையாண்டி மலைக்கோட்டைப் பாறைமேல் வலது கையை வைத்து (பாறை ஒரு மைல் தள்ளி இருப்பதால் அந்தத் திசையில் கையை நீட்டி) எழுதும் கடிதம்.

ஒருத்தரும் நம்பப்போகாத கதை ஒன்றை இதில் சொல்லப்போகிறேன். நீயும் நம்பாதே. நம்பிவிட்டால் எனக்குத்தான் கேவலம்.

இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழைதான் சிறுமலை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. நீ பூனாவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸப்பிலேயே கேட்டிருப்பேன். நீதான் நீலக் குறி விழாமல் படிக்கிற வித்தை தெரிந்தவளாயிற்றே!

வைகாசியில் மாப்பிள்ளை முகேஷ்குமாரும் அவர் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது, சகாயராஜின் ஆட்டோவில் ஊரைச் சுற்றிக் காட்டினேனே, அன்றைக்கு என்ன குறை வைத்தேன் சொல். சிறுமலையிலிருந்து பதினெட்டாயிரம் மாடு பூட்டி இழுத்து வந்த பாறை, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்து மலைக்கோட்டை ஆகிவிட்டது என்றேன். கோட்டைக் கதவின் பழைய பூட்டுக்குள், சாவித் துவாரத்தில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை குடியிருந்தது, ரேஷன் கார்டுகூட அந்த விலாசத்தில்தான் என்றேன். சிறுமலைப் பாதைக்கு எஞ்சினியர் மலைவாழைப்பழத்தைக் காகிதத்தில் வைத்துத்தான் வளைவு வரைந்தார் என்றேன். கோட்டையைப் பிடிக்க வந்த படை பிரியாணி வாசனைக்கு வரிசையில் நின்றது, இன்னும் முன்வரிசைக்கு வந்து சேரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள் என்றேன். கடைசியாக, என் அக்கா சிவனம்மாள் கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும் மணிக்கூண்டுக் கடிகாரம் பதினோரு நிமிடம் மரியாதைக்கு நின்றது என்றேன்.

சம்பந்தியம்மா வாயைப் பிளந்து, “ஏனுங்க கண்ணு, நெசமாலுமாங்க?” என்று உன் பக்கம் திரும்பினார்கள்.

உன் வேலை என்ன? ஏழு வயதிலிருந்து நீ என் சாட்சி. நான் ஒன்று சொல்லி மூச்சு வாங்குகிற இடத்தில், “ஆமா, எங்கம்மாவும் சொல்லிருக்கு” என்று தலையாட்ட வேண்டும். கூலி ஒரு தேன்மிட்டாய். உன் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால்கூடப் பிசகாமல் ஆட்டிய தலை அது. அன்றைக்கும் என் சட்டைப்பையில் தேன்மிட்டாய் இருந்தது. நீ என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: “அத்தை, மாமா சொல்றது எல்லாமே பொய்.”

பொய் என்றதற்கு வருத்தமில்லை, அது எனக்குப் பட்டம் கொடுத்த மாதிரி. ‘எல்லாமே’ என்றாயே தாயி, அதுதான் இன்னும் செரிக்கவில்லை. சகாயராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டே, “ஏலே சடையா, சாட்சியே பல்டி அடிச்சிருச்சு. இனி உன் கேஸு நிக்காதுலே” என்றான். டீக்கடையில் இப்போது நான் மணி சொன்னால்கூட நாலு பேர் செல்லை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதையும் பொறுத்தேன். போன வாரம் போன் போட்டு, “ஆவணிக் கல்யாணத்துல நீங்க மேடைக்கு வர வேணாம் மாமா, அவங்க வீட்டு ஆளுககிட்ட எதையாச்சும் அளந்து விட்ருவீங்க. பந்தியப் பாத்துக்கங்க, மாலையச் சித்தப்பா போடட்டும்” என்றாய். தாய்மாமன் மாலையைச் சித்தப்பா போடுவது எந்த ஊர் வழக்கம்? நான் என்ன, சாம்பார் வாளிக்கு மாலை போடுவதா? பதினெட்டாயிரம் மாட்டைக் கட்டி இழுத்தவன் நான். உன்னுடைய இந்த ஒரு சொல்லை இழுத்துக்கொண்டு நடக்க முடியவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

உன் அம்மா கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேன் வேடசந்தூர் தாண்டி டயர் வெடித்து, மில் பஸ்களுக்கு நடுவே நின்றுவிட்டது. உன் அப்பாவின் பெரியப்பா ஒச்சப்பன் முதல்நாளே வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் தவறினால் பெண் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிற மனிதர். அதற்கு முன் ஒரு கல்யாணத்தை அப்படி நிறுத்தியும் இருக்கிறார். வேன் வந்து உன் அப்பா மணையில் உட்கார்ந்தபோது முகூர்த்தம் முடிந்து எட்டு நிமிடம்.

அதற்குள் நான், பத்தொன்பது வயதுப் பயல், பந்தி அறை ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி, மண்டபத்துச் சுவர்க் கடிகார முள்ளைப் பதினோரு நிமிடம் பின்னால் தள்ளிவிட்டிருந்தேன். ஒச்சப்பன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “எந்த மணி சரி?” என்று சபையில் கேட்டார். நான் முள்ளில் விரலை வைத்ததை ஒரே ஒருத்திதான் பார்த்திருந்தாள். மணவறையில் குனிந்திருந்த உன் அம்மா தலையைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மெல்லத் தலையாட்டினாள். கல்யாணப் பெண்ணே சொன்ன பிறகு ஒச்சப்பன் என்ன செய்வார்? தன் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொண்டார்.

என் முதல் சாட்சி உன் அம்மாதான். தேன்மிட்டாய்கூட வாங்கவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் அக்காவுக்குப் பேச்சு வரும். அதனால்தான், ஒருத்தரும் நம்பக்கூடாதென்று, முப்பது வருடமாக அதை மணிக்கூண்டின் மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடாதே. நல்ல நேரம் பார்க்காமல் அவர்கள் அன்றைக்கு ஆட்டோவில்கூட ஏறவில்லை. அம்மாவிடம் கேள். இல்லவே இல்லை என்று வாய் சொல்லும். நீ தலையைப் பார்.

நீயும் முகேஷும் பதினாறு பேறும் பெற்று, மலைக்கோட்டைப் பாறை கரைகிற காலம் வரைக்கும் நன்றாக இருக்க வேண்டும். மாலையை யார் கையில் கொடுப்பது என்பது உன் இஷ்டம். பந்தியில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். ஒன்று மட்டும் செய் தாயி. மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு வை. மாப்பிள்ளை வண்டி வழியில் நின்றுவிட்டால் உனக்கு வேறு யார் ஏறுவார்கள்?

மாடு பொய், பூட்டு பொய், வாழைப்பழம் பொய், படை பொய், மணிக்கூண்டும் பொய். அந்தப் பதினோரு நிமிடம் மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
சடையாண்டி