செம்பனைக்கு அடியில் கற்கள்

அக்கா,

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் புது அடுக்குமாடிக்கு மண்ணில் தூண் இறக்கப் பைலிங் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் என் மேசையில் கோப்பி நடுங்குகிறது. நீங்கள் இருந்திருந்தால், "பாத்தியா தம்பி, மண்ணுல ஓடுற அலை ஓசியில வீட்டுக்கே வருது" என்று சிரித்திருப்பீர்கள். உங்களை எரித்துவிட்டு வந்து மாதங்களாகிவிட்டன. இன்னும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நினைவிருக்கிறதா, நிபோங் திபால் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றை வீட்டுமனையாக்க வாங்கிய கம்பெனி, மண்ணுக்குள் பழைய இரும்புக் குழாய்கள் கிடக்கின்றனவா என்று பார்க்க நிலத்தடி சோதிக்கும் நம் இருவரையும் அழைத்தது. நீங்கள் இரும்புத் தட்டின் மேல் சம்மட்டியால் அடிப்பீர்கள். நிலத்தின் மேல்தோலை ஒட்டி ஓடும் அலையை, வரிசையாகக் குத்திவைத்த ஜியோபோன்கள், அந்த அதிர்வுமானிகள், பிடிக்கும். அடியில் கெட்டியாக ஏதாவது இருந்தால் அலையில் ஒரு பகுதி முட்டித் திரும்பும். திரையில் கோடு எதிர்ப்பக்கம் சாயும்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். செம்பனைக்கு முந்திய ரப்பர் காலத்தில் அங்கே பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர்.

"என் மக இங்கதான் எங்கேயோ கெடக்கா. பொதச்ச குழிமேல நட்டு வெச்ச கட்டையப் புடுங்கிட்டுச் செம்பனை போட்டுட்டாங்க."

காட்டுப்பன்றி தோண்டிவிடாமலிருக்க, குழிக்கு மேல் பலகைக்கல் வைத்து மண் மூடுவது அந்தத் தோட்டத்தின் வழக்கமாம். அதைக் கேட்டதும் நீங்கள் குழாயை மறந்துவிட்டீர்கள். மாலைக்குள் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

"பாறைலா அது," என்றார் கம்பெனி மேனேஜர். அவரும் தமிழர்தான்.

"பாறை இப்படி லைன் கட்டிப் படுக்காது, அண்ணே."

"உங்கள பைப் தேடத்தானே கூப்பிட்டோம்?"

"பைப் இல்ல. ஆளுங்க இருக்காங்க."

மண்வெட்டியை வாங்கி நீங்களே வெட்டினீர்கள். ஒரு முழ ஆழத்தில் கல் தட்டியது.

"இதுல எம்மக எது?" என்று கேட்டார் பெரியவர்.

"அது இந்த மெஷினுக்குத் தெரியாது, ஐயா."

ஏதாவது ஒரு கல்லைக் காட்டியிருக்கலாம். உங்களுக்கு அது வராது. அவர் குனிந்து கல்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்ப எல்லாரையும் தூக்குங்க. ஒண்ணுகூட விடாதீங்க," என்றார்.

கம்பெனி அவகாசம் கொடுத்தது. பெருந்தன்மையால் அல்ல, தோட்டத்துச் சனம் புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்ததால். எலும்புகளை லாரியில் ஏற்றிப் பொது இடுகாட்டில் ஒரே குழியில் வைத்தார்கள். அவர் மகளும் அதில்தான் இருக்கிறாள். நம்மை அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை.

இப்போது யார் வரைபடத்தை நீட்டிக் காலி நிலம் என்று சொன்னாலும், காலி செய்தது யார் என்று கேட்டுவிடுகிறேன். அதனாலேயே வேலைகள் போகின்றன. போகட்டும், அக்கா. கேட்காமல் சம்மட்டியைத் தூக்க என் கை மறுக்கிறது.