மீற்றரின் கண்ணில் ஒரு சந்தனப் பொட்டு

என் செல்லத் தேனு,

நேற்று நான் கடலுக்குப் போனேன். சிரிக்காதே. நீர்வேலியில் வாழைக்குத் தண்ணீர் கட்ட மட்டும் தெரிந்த உன் அப்பா நான், கரை மறையமுன்னமே சத்தி எடுத்துவிட்டேன். மீன்களுக்குக் காலைச் சாப்பாடு.

கடலடியில் வெளிச்சம் குறைகிறது என்று நீ வெளிச்ச மீற்றரால் அளந்து எழுதிவைத்தாய். உன் அந்தியேட்டிச் சடங்கு முடியமுன்னமே, கடலில் மண் அள்ளும் கம்பனியின் நிபுணர் அதை மறுக்க ஊர்க் கூட்டத்தில் எழும்பினார். "கடலடியிலை வெளிச்சம் குறையேல்லை. அந்தப் பிள்ளைக்கு அளக்கத் தெரியாது. படகின்ரை நிழல்தான் மீற்றரிலை விழுந்திருக்கு." செத்த பிள்ளை எழும்பி வந்து பதில் சொல்லாது என்ற தைரியம். உன் அளவு பிழை என்றால் அவர்கள் தொடர்ந்து மண் அள்ளலாம். கலங்கிய தண்ணீருக்கடியில் கடற்புல் வெளிச்சமில்லாமல் சாகும். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதையே பொறுத்தவன் நான். இதைப் பொறுக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் முன்னாலை திருப்பி அளந்து காட்டுங்கோ" என்றேன்.

சாப்பிடும்போது நீ சொல்லுவாய்: மீற்றரை வெயில் பக்கமாக, நிழல் விழாமல், கம்பால் படகைவிட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். மீற்றரின் கண்ணை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். அலை வெயிலைக் குவித்து மினுக்கும். அதை நம்பாமல் பொறுத்திருந்து சராசரி எடுக்க வேண்டும். நான் தலையாட்டியது மீன்குழம்புக்கு என்றா நினைத்தாய்?

சாட்சிக்கு ஊரவர் சிலரும் வந்தார்கள். புறப்படமுன் படகுக்குப் பூசை. படகின் சொந்தக்காரர் தேங்காய் உடைத்தார். சந்தனம் வைப்பது என் வேலை. படகின் முன்பக்க அணியத்துக்கு வைத்தேன், எஞ்சினுக்கு வைத்தேன், நிபுணரின் மீற்றருக்கும் வைத்தேன். சரியாக அதன் வெள்ளைக் கண்ணில், தடிப்பாக. அவர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

மீற்றரை இறக்கினார். உன்னுடையதைவிடவும் குறைந்த அளவு! "மீற்றர் பழுது" என்றார்.

"மீற்றர் நல்லது ஐயா. கண்ணைத் துடைச்சனீங்களோ? என்ரை பிள்ளை ஒவ்வொருமுறையும் துடைச்சவள்."

மீற்றரை மேலே எடுத்ததும் படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இல்லாத நிழலைக் கண்ட ஐயாவுக்கு இந்தப் பொட்டுத் தெரியேல்லையோ?"

துடைத்து மறுபடி இறக்கினார். எண் குபீரென்று ஏறியது. "பாருங்கோ, எவ்வளவு வெளிச்சம்!"

"அது அலையின்ரை மினுக்கம். பொறுங்கோ." கம்பை நான் பிடித்துக்கொண்டேன், வெயில் பக்கம், படகைவிட்டு எட்ட. எண் ஏறி இறங்கி, கடைசியில் சராசரி உன் எண்ணிலேயே வந்து நின்றது.

திரும்பும்போது அவருக்கும் சத்தி வந்தது. வாளி என் மடியில் இருந்தது. கொடுக்கவில்லை. நீ இருந்தால் கொடுத்திருப்பாய், இல்லையா?

வாற கிழமை மறுபடி கூட்டம். அதே இடத்தில் எழும்பி, உன் பெயரைச் சொல்லி, பிழை தன்னுடையது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லும்வரை விடமாட்டேன். எத்தனை தரம் என்றாலும் அவரைப் படகில் ஏற்றுவேன், நானும் ஏறுவேன்.

மிச்சச் சந்தனத்தை உன் படத்துக்கு வைத்தேன். நெற்றியில்தான். உன் கண்ணை மறைக்கவில்லை. அந்த ஆள் எழும்பும்போது நீ பார்க்க வேண்டும்.

வாளியை விடாத உன் சத்திக்கார அப்பா