மேல்மாடத்திலிருந்து கேட்ட குரல்

அன்புள்ள இல்டே,

தொண்டை ஆறிவிட்டது. அடுத்த மாதம் பார்மாவில் எனக்கு மறுபடியும் தகப்பன் வேடம்தான். இந்தக் கனத்த குரலை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக உனக்கு அப்பாவாகவும் வில்லனாகவும்தான் ஓபரா மேடை ஏறியிருக்கிறேன். உன்னைக் காதலிக்க எப்போதும் மெல்லிய குரலில் ஒருவன் வந்துவிடுகிறான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு உன்னிடம் சொல்லாமல் நேப்பிள்ஸ் வந்திருந்தேன். மேல்மாடத்தில்தான் இடம் கிடைத்தது. உன் காதலனாகப் பாடிய கொர்ராதோவின் மடியில் நீ உயிர்விட்ட விதம் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"இவங்க நிஜத்துலயும் புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கணும்."

"இல்லீங்க. அந்தம்மா கல்யாணத்துக்கு நான் போயிருக்கேன். மாப்பிள்ளை வேற ஆளு."

"அந்த ஆளு பாவம்" என்று எனக்கு ஒரு சுளை கொடுத்தார்.

ஆட்டம் முடிந்து நீங்கள் இருவரும் வணங்க வந்தபோது கொர்ராதோ உன் இடுப்பில் கைபோட்டபடி காதில் ஏதோ சொன்னான். நீ சிரித்தாய். பொறுக்கமுடியாமல், கைதட்டிய கூட்டத்தோடு சேர்ந்து "பிராவா" என்று கத்திவிட்டேன். சட்டென்று மேலே பார்த்தாய். அவன் கையை விலக்கினாய்.

அத்தனை கூச்சலிலும் என் குரலைக் கண்டுகொண்டாயே என்று ரயிலில் பூரித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் கோட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. என் குரல் கேட்கும்வரை அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.

உன் கணவன்